வாசல் விளக்கும் மிட்டாய்க் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

அக்டோபர் 31, ஹாலோவீன் மாலையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேடமிட்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பது பற்றிய கேள்விகள் இந்த முறை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: டொராண்டோ அருகே பிராம்ப்டனில் புது வீட்டுக்குக் குடிவந்து இது முதல் ஹாலோவீன். எவ்வளவு மிட்டாய் வாங்கி வைப்பது? இருபது பிள்ளைகள் வருவார்களா, இருநூறு பேரா?

பதில்: இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு, தெருவைப் பொறுத்தது. நடைபாதை, நெருக்கமான வீடுகள், பக்கத்தில் தொடக்கப்பள்ளி, அலங்காரம் செய்த நாலைந்து வாசல்கள் உள்ள தெருவுக்கு மற்ற தெருக்காரர்களும் காரில் வந்து இறங்குவார்கள். முட்டுச்சந்தின் கடைசி வீடு, பெரிய சாலையைப் பார்த்த வீடு என்றால் கூட்டம் மெலியும்.

அக்கம்பக்கத்தில் கேளுங்கள். "எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்?" என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது, யாரும் எண்ணுவதில்லை. "எத்தனை பெட்டி வாங்கினீர்கள், எத்தனை மணிக்குத் தீர்ந்தது?" என்று கேளுங்கள். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். 90 உருப்படி உள்ள பெட்டி ஒன்றரை, தலைக்கு ஒன்று, எட்டு மணி வரை தாங்கியது என்றால் 135 பிள்ளைகள். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 162. இரண்டு பெட்டி போதும். தலைக்கு இரண்டு என்றால் நான்கு பெட்டி. ஒன்றா இரண்டா என்பதைக் கடையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். முதலில் வரும் பத்துக் குழந்தைகளின் அழகில் மயங்கி அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்குச் சட்டி காலியாகி விளக்கை அணைப்பதுதான் புது வீட்டுக்காரர்களிடம் வழக்கமாக நடக்கும் பிழை.

நேரக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். டொராண்டோ வட்டாரத்தில் அன்று சூரியன் மறைவது 6.10 வாக்கில். (2007 முதல் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவது நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போனதால் இந்த வெளிச்சம். அதற்கு முன்பு ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும்.) ஐந்தரைக்கு நடைபழகும் குழந்தைகள், ஆறரை முதல் ஏழரை வரை பெருங்கூட்டம், எட்டுக்கு மேல் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள். ஆகவே மொத்தத்தை மூன்று பைகளாகப் பிரியுங்கள்: ஆறரை வரை கால் பங்கு, ஏழரை வரை அரை, மிச்சக் கால் பங்கு அதற்கு மேல். ஒரு நேரத்தில் ஒரு பை மட்டுமே சட்டியில் இருக்கட்டும். நிறைந்த சட்டியைப் பார்த்தால் கை தானாகத் தாராளமாகிவிடும். முதல் பை ஆறுக்கே தீர்ந்தால் உடனே தலைக்கு ஒன்று என்று இறங்குங்கள்.

மழை பெய்தால் கூட்டம் குறையும். வெள்ளி, சனி என்றால் கூடும், நேரமும் நீளும். 2026இல் அக்டோபர் 31 சனிக்கிழமை. கதவருகே ஒரு தாள் வைத்து, ஐந்துக்கு ஒரு கட்டாகக் கோடு கிழித்து எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: எடிசன், நியூஜெர்சி. நாங்கள் சைவம். எங்கள் தெருவில் குஜராத்திகள், முஸ்லிம்கள் வீடுகளும் நிறைய. ஜெலட்டின் இல்லாத மிட்டாய் எது? எந்த அளவில் வாங்குவது?

பதில்: ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பொதுவாகச் சவ்வுபோல் இழுபடும் கரடி மிட்டாய் வகைகளிலும் மார்ஷ்மெல்லோவிலும் இருக்கும். இழுபடுவதில் எல்லாம் இருக்கும் என்றும் இல்லை, கடினமானதில் இருக்காது என்றும் இல்லை. அமெரிக்க ஸ்டார்பர்ஸ்டில் உண்டு, அதே நிறுவனத்தின் ஸ்கிட்டில்ஸில் இல்லை. ஹாலோவீனின் அடையாளமான, மஞ்சள்–ஆரஞ்சு–வெள்ளை கேண்டி கார்ன் பெரும்பாலும் ஜெலட்டின் சேர்த்தது. மேலே பளபளப்புக்கு அரக்கும் பூசியிருப்பார்கள், உறையில் அதன் பெயர் கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ். நெர்ட்ஸில் ஜெலட்டின் இல்லாவிட்டாலும் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு உண்டு. உறையில் ஜெலட்டின், கார்மைன், கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ் ஆகிய மூன்று பெயர்களைத் தேடினால் போதும்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது உங்கள் பக்கத்து யூனியன் ஊரில் தயாராகும் ஸ்மார்ட்டீஸ், அதாவது செலஃபேன் சுருளில் வரும் சின்னப் புளிப்பு வில்லைகள். ஜெலட்டின், பால், கடலை எதுவும் கிடையாது, விலையும் குறைவு. கனடாவில் இருக்கும் உறவினருக்கு இதைப் பரிந்துரைக்கும்போது மட்டும் பெயரை மாற்றிச் சொல்லுங்கள். அங்கே இதன் பெயர் ராக்கெட்ஸ். ஸ்மார்ட்டீஸ் என்று கேட்டால் நெஸ்லேயின் வண்ணச் சாக்லேட் பொத்தான்கள் வரும்.

அளவைப் பொறுத்தவரை ஃபன் சைஸ் என்று போட்டிருப்பது 15 முதல் 17 கிராம் வாக்கில் இருக்கும். மினி அதில் பாதி. மினி வாங்கினால் தலைக்கு இரண்டு கொடுத்தால்தான் கொடுத்ததுபோல் இருக்கும், ஆக விலையில் பெரிய மிச்சமில்லை. 50 கிராம் முழுப் பட்டை கொடுக்கும் வீட்டின் பெயர் பத்தே நிமிடத்தில் தெரு முழுக்கப் பரவும், வருகிற கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேய், எலும்புக்கூடு படம் அச்சிட்ட உறைகளைத் தவிர்த்துச் சாதாரண உறை வாங்கினால் மிஞ்சியது டிசம்பரிலும் செலவாகும்.

இன்னொன்று. நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உருண்டைக் கடின மிட்டாய், சூயிங்கம், கொட்டைகள் வேண்டாம். தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கென்று கரையும் வகையில் ஏதாவது தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும்.

கேள்வி: 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அப்போது வந்த பிள்ளைகளுக்கு வீட்டு முறுக்கும் அதிரசமும் கொடுத்தோம். மறுநாள் நடைபாதை ஓரத்தில் கிடந்தன. ஏன் இப்படி? மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உங்கள் முறுக்கின் மேல் தவறில்லை. கடையில் ஒட்டிய உறையோடு இல்லாத எதையும் வீட்டுக்குப் போனதும் எறிந்துவிடு என்று இங்குள்ள பெற்றோர் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். 1950கள் வரை வீட்டில் செய்த பாப்கார்ன் உருண்டை, சர்க்கரைப்பாகில் தோய்த்த ஆப்பிள் எல்லாம் சகஜமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஊர்தான் இது. பிறகு ஆப்பிளில் பிளேடு, சாக்லேட்டில் விஷம் என்ற பேச்சு பரவியது. 1974இல் டெக்சாஸில் ஒரு எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று இறந்தான். வைத்தது முகமறியாத அயலான் அல்ல. காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே செய்தது. அவனுக்கு 1984இல் மரண தண்டனை நிறைவேறியது. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மாத்திரைகளில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தது ஹாலோவீனுக்குச் சில வாரங்கள் முன்பு. பயம் அதோடு உறைந்துவிட்டது.

டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தொடர்ந்து திரட்டிப் பார்த்துவருகிறார். வீடு வீடாகப் போய் வாங்கியதில் அயலார் கலந்த விஷத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதியான ஒரு நிகழ்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. உண்மையான எமன் கார். அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையான 42 ஆண்டு விபத்துக் கணக்கை ஆராய்ந்து ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் அதற்கு ஒரு வாரம் முன்பின் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்கிறது. 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு அது பத்து மடங்கு. எனவே மிட்டாய் கொடுப்பவர் செய்ய வேண்டிய பெரிய உதவி, ஐந்தரை முதல் எட்டரை வரை தன் காரைப் பின்னோக்கி எடுக்காமல் இருப்பது. வேலையிலிருந்து அந்த நேரத்தில் திரும்புகிறவர் காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வரலாம்.

தீபாவளிப் பலகாரத்தைத் தெரிந்த வீடுகளுக்குப் பெரியவர்கள் கையில் கொடுங்கள். அதிலும் கடலை மிட்டாய், எள்ளுருண்டை இரண்டும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் ஒன்பதாவது பெரிய ஒவ்வாமைப் பொருள்.

கேள்வி: ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கென்று நீலப்பச்சைப் பூசணி வைக்கிறார்களாமே. நாங்களும் வைக்கலாமா? வைத்தால் என்ன கொடுக்க வேண்டும்?

பதில்: அந்த நிறத்துக்கு நம்மிடம் நல்ல பெயர் இருக்கிறது: மயில்கழுத்து. 2012இல் கிழக்கு டென்னசியில் ஓர் உணவு ஒவ்வாமைக் குழு தொடங்கியதை, ஃபுட் அலர்ஜி ரிசர்ச் அண்ட் எஜுகேஷன் அமைப்பு 2014இல் நாடு முழுவதும் எடுத்துச் சென்றது. வாசலில் மயில்கழுத்து நிறப் பூசணி இருந்தால், சாப்பிட முடியாத பொருளும் இந்த வீட்டில் கிடைக்கும் என்று பொருள். மிட்டாயை நிறுத்த வேண்டியதில்லை.

பொருள்கள்: ஒளிரும் குச்சி, ஒட்டுப்படம், பென்சில், அழிப்பான், சோப்புக் குமிழிக் குப்பி. ஒரு தெருவில் நூறு பிள்ளைகள் வந்தால் இருபது முப்பது உருப்படிகள் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தாங்கும். ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளும் ஒளிரும் குச்சியைத்தான் கேட்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். பிளே–டோ போன்ற விளையாட்டு மாவு வேண்டாம், அதில் கோதுமை உண்டு. சின்ன ரப்பர் பந்து மூன்று வயதுக்குக் கீழே ஆபத்து.

தவறு நடப்பது பெரும்பாலும் சட்டியில்தான். கடலை வெண்ணெய் சாக்லேட்டும் பென்சிலும் ஒரே கிண்ணத்தில் கிடந்தால் மயில்கழுத்துப் பூசணிக்கு அர்த்தமில்லை. கிண்ணமும் வேறு, எடுக்கும் கையும் வேறு. ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்றால் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் வெளி உறையை எறியாதீர்கள். தனித்தனிச் சின்ன உறையில் பொருள்பட்டியல் இல்லாமல் போகலாம், பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். பெரிய பட்டையில் கடலை இல்லை என்பதால் அதன் ஃபன் சைஸிலும் இல்லை என்று கொள்ள முடியாது. வேறு ஆலையில், வேறு வரிசையில் தயாரானதாக இருக்கலாம். கனடாவில் பல மினி பெட்டிகளில் நிலக்கடலை இல்லை என்ற குறி அச்சிட்டிருக்கும். போன வருடம் இருந்தது என்று விடாமல் ஒவ்வொரு வருடமும் பாருங்கள்.

கேள்வி: ஒஹையோவுக்கு மாறி வந்திருக்கிறோம். இங்கே 30ஆம் தேதியே பிள்ளைகள் வருவார்கள் என்கிறார்களே?

பதில்: கொலம்பஸ் வட்டாரத்தில் அதற்கு பெக்கர்ஸ் நைட் என்று பெயர், ஆண்டைப் பொறுத்து நாள் மாறும். அயோவாவின் டிமாய்னில் நெடுங்காலம் 30ஆம் தேதிதான் வழக்கமாக இருந்தது, பிள்ளைகள் ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொன்னால்தான் மிட்டாய். விஸ்கான்சினில் ஞாயிறு பிற்பகலில் வைக்கும் ஊர்களும் உண்டு. உங்கள் நகராட்சி அறிவிப்பில் தேதியும் நேரமும் இருக்கும், அதைப் பாருங்கள்.

கேள்வி: மீசை முளைத்த பையன்கள், வேடமே போடாமல், தலையணை உறையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கொடுங்கள், ஒன்று. வயது கேட்க வேண்டாம். பதினோரு வயதில் ஆறடி வளர்ந்தவனும் இருப்பான். பேசாமல் நிற்பவனுக்கு ஆட்டிசம் இருக்கலாம், ஆகவே "ட்ரிக் ஆர் ட்ரீட் (மிட்டாய் கேட்கும் வாசகம்) சொன்னால்தான் தருவேன்" என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். சட்டம் போட்ட ஊர்களும் உண்டு. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பாதர்ஸ்ட் நகரில் 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீடு வீடாகப் போகக்கூடாது. வர்ஜீனியாவின் செசப்பீக்கில் 12 வயது வரை என்றிருந்ததை 2019இல் 14 ஆக்கி, சிறைத் தண்டனையையும் நீக்கினார்கள். அதெல்லாம் நகராட்சியின் பாடு, வாசலில் நிற்பவரின் வேலை அல்ல.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் அன்று இரவுப் பணி. "ஒன்று எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதிக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: வைக்கலாம். முதல் இரண்டு கூட்டத்துக்குத்தான் அது வேலை செய்யும். 1976இல் வெளியான சியாட்டில் ஆய்வு ஒன்றில், 1,300க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒளிந்திருந்து கவனித்தார்கள். பெயர் கேட்கப்படாமல், கூட்டமாக வந்த பிள்ளைகளே அதிகம் அள்ளினார்கள். தனியாக வந்து, பெயரும் சொன்ன பிள்ளை பெரும்பாலும் ஒன்றோடு நின்றது. பின்னர் அதே குழுவினர் பெயரைக் கேட்டுவிட்டுக் கிண்ணத்தின் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தபோது அள்ளல் நன்றாகவே குறைந்தது. தன் முகம் தனக்கே தெரிந்தால் கை கூசும்போலும். ஆளில்லாத வீட்டில் பெயர் கேட்க முடியாது. கண்ணாடி வைக்கலாம், முழு வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். முப்பது உருப்படிக்கு மேல் வைக்காதீர்கள். அல்லது மொத்தத்தையும் எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்து "எங்கள் பங்கையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அதுவே மேல்.

கேள்வி: முழங்கால் வலி. வாசலில் எட்டுப் படி. ஒவ்வொரு முறையும் எழுந்து இறங்க முடியாது. பிள்ளைகளுக்கும் நீண்ட அங்கியோடு ஏறுவது சிரமமாக இருக்கிறது.

பதில்: 2020 கோவிட் காலத்தில் பரவிய குழாய் முறை உங்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். 10 அடி நீளம், 3 அல்லது 4 அங்குல விட்டமுள்ள பிவிசி குழாய் ஒன்றைப் படிக்கட்டின் கைப்பிடியோடு ஒட்டினாற்போல் வைத்து, இரண்டடிக்கு ஒன்றாக நைலான் கட்டுப்பட்டையால் இறுக்குங்கள். கைப்பிடியின் சாய்வே போதும். அதைவிடத் தட்டையானால் மிட்டாய் நடுவழியில் நிற்கும். செங்குத்தானால் பையைத் தாண்டிப் பறக்கும். கீழ்முனை தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முடிய வேண்டும், வேகம் தணிய அங்கே 45 பாகை முழங்கை இணைப்பு ஒன்று மாட்டலாம். முந்தின நாளே இருபது தடவை போட்டுப் பாருங்கள். வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் உறை அதில் சிக்கும், பின்னால் வருவதெல்லாம் அடைத்துக்கொள்ளும். மழைநீர் உள்ளே போனாலும் ஒட்டும், எனவே மேல்முனை கூரைக்கு அடியில் இருக்கட்டும். முழுப் பட்டை மூன்று அங்குலக் குழாயின் வளைவில் சிக்கும், ஃபன் சைஸ் வழுக்கிப் போகும்.

படிக்குக் கீழே, கார்ப்பாதை முனையில் நாற்காலி மேசை போட்டு உட்கார்வது இன்னும் எளிது. கம்பளியும் சூடான தேநீரும் கையோடு இருந்தால் போதும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து நிற்கிறா. அன்று பின்னேரம் வீட்டில் தனியாக இருப்பா. பிள்ளைகள் கதவைத் தட்டினால் என்ன சொல்ல வேணும்? கண்டோசுக்கு (சாக்லேட்டுக்கு) பதிலாகச் சில்லறைக் காசு கொடுக்கலாமோ என்று கேட்கிறா.

பதில்: கதவைத் திறந்து "ஹாப்பி ஹாலோவீன்" என்றால் போதும். பிள்ளைகள் சொல்வது "ட்ரிக் ஆர் ட்ரீட்", அதாவது தின்னத் தருகிறீர்களா, இல்லை ஏதாவது குறும்பு செய்யட்டுமா என்ற செல்ல மிரட்டல். 1927இல் ஆல்பர்ட்டாவின் பிளாக்கி என்ற சிற்றூர்ச் செய்தியிலேயே இது அச்சாகியிருக்கிறது. வேடத்தை ஊகித்துச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சிங்கத்தைப் பூனை என்றால் அழும் குழந்தைகள் உண்டு. காசு வேண்டாம். யூனிசெஃப் உண்டியல் பெட்டியோடு வரும் பிள்ளைகளுக்குக் காசு போடும் வழக்கம் அமெரிக்காவில் 1950இல் தொடங்கியது, கனடாவில் அந்த ஆரஞ்சுப் பெட்டிகள் 2006இல் நின்றுவிட்டன. அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் கீழே வரவேற்பறையில் பெயர்ப்பட்டியல் ஒட்டுவார்கள், வீட்டு எண்ணை அதில் எழுதினால்தான் வருவார்கள்.

கேள்வி: வீட்டில் துக்கம். கந்த சஷ்டி விரதம் வேறு. கொடுக்காமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், அதுதான் இங்கே குறி. யாரும் தட்டமாட்டார்கள், ஒன்றும் நினைக்கவும் மாட்டார்கள்.

கேள்வி: பூசணி குடைவது, வாசலைத் தயார் செய்வது பற்றிச் சொல்லுங்கள். கோலமும் அகல்விளக்கும் வைக்கலாமா?

பதில்: கோலம் தாராளமாக. அகல் வேண்டாம். முழங்கால் உயரத்தில் எரியும் சுடரும், கடையில் வாங்கிய மெல்லிய செயற்கை இழை அங்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாதவை. பூசணிக்குள்ளும் எல்இடி விளக்கே வையுங்கள். திருஷ்டிப் பூசணிக்கு முகம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த முகம் வெட்டுவது பெரிய வித்தை அல்ல. மூடியை வெளிப்பக்கம் அகன்றதாகச் சாய்த்து வெட்டினால் உள்ளே விழாது. முன்பக்கச் சதையை ஓர் அங்குலக் கனத்துக்குச் சுரண்டிவிட்டு வெட்டினால் கத்தி இலகுவாகப் போகும். 29ஆம் தேதிக்கு முன் வெட்ட வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் சுருங்கும், பூசணம் பிடிக்கும், அணில்கள் மூக்கைத் தின்றுவிடும்.

பாதையில் ஈர இலைகளைக் கூட்டுங்கள். தோட்டக்குழாய், குறுக்கே ஓடும் மின்கம்பி, காற்றடைத்த பொம்மைகளின் கட்டுக்கயிறு மூன்றையும் வழியிலிருந்து எடுங்கள். முகமூடி போட்ட குழந்தைக்குக் கால் தெரியாது. புகை இயந்திரம் படியையே மறைக்கும். நாயை உள்ளறையில் கட்டுங்கள். சாக்லேட்டின் தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, சர்க்கரையற்ற சூயிங்கத்தின் சைலிட்டால் அதைவிடக் கொடியது.

கேள்வி: மிஞ்சியதை என்ன செய்வது? அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கொட்டை சேர்ந்த சாக்லேட் ஒரு வருடத்தில் சிக்கு வாடை அடிக்கும். மேலே வெள்ளை படிந்திருந்தால் அது பூசணம் அல்ல, கொழுப்போ சர்க்கரையோ வெளியே வந்து படிந்தது. தின்னலாம், பார்வைக்குத்தான் நன்றாக இருக்காது. உறையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் சில மாதங்கள் தாராளமாக இருக்கும். எடுத்ததும் திறக்காமல், டப்பாவோடு அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்து மேலே சர்க்கரை படியும். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுவையுங்கள். பூசணி டொராண்டோவில் மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டிக்குப் போகும், மெழுகுவர்த்தி, விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு. நவம்பர் 1 மாலை சொராரன் பூங்காவில் ஊரார் தங்கள் பூசணிகளைக் கொண்டுவந்து வரிசையாக ஏற்றிவைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.